மூன்று பேராகப் போகக் கூடாது

ஜூன் 8, ஞாயிறு

இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். மகள் வீட்டில் எதைச் சொன்னாலும் மாப்பிள்ளையின் முகம் சுருங்குகிறது. மனைவி செண்பகத்திடம் சொன்னால், "எப்பப் பாத்தாலும் யாரையாவது வஞ்சுக்கிட்டே இருக்கணுமா?" என்கிறாள். மூத்தோர் மன்றத்தில் வாயைத் திறந்தால் 'புரொபசர் ஆரம்பிச்சுட்டார்' என்று ஒருவருக்கொருவர் கண்ணைக் காட்டிக்கொள்கிறார்கள். எனவே இந்தத் தாளோடு பேசப்போகிறேன்.

எனக்கு ஐம்பத்தாறு வயது. விருதுநகர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் கற்பித்தேன். என்னிடம் படித்த ஒருவனை எனக்கு மேலே முதல்வராக்கினார்கள். செயலாளரின் மருமகன் என்பதைத் தவிர அவனுக்கு வேறு தகுதி கிடையாது. அன்று மாலையே விருப்ப ஓய்வு கேட்டு எழுதிக் கொடுத்தேன். ஒருவராவது வந்து "வேண்டாம் சார்" என்று சொல்வார்கள் என்று ஒரு வாரம் பார்த்தேன். பிரிவுபசாரத்துக்கு எவர்சில்வர் குத்துவிளக்கு கொடுத்தார்கள்.

இப்போது மெல்பர்னில் பேரனைப் பார்த்துக்கொள்கிறோம். பாத்திரம் கழுவும் இயந்திரத்தைக் காலி செய்வதும் குப்பைத் தொட்டியைத் தெருவுக்குத் தள்ளுவதும் என் துறை. பதினைந்து நாளைக்கு ஒருமுறை இங்குள்ள தமிழர்களின் மூத்தோர் மன்றம் எங்காவது அழைத்துப் போகும். அங்கு மற்ற எல்லோரும் எழுபதைத் தாண்டியவர்கள்.

இன்று அருங்காட்சியகம். திமிங்கல எலும்புக்கூட்டின் கீழே, எல்லோரும் கேட்கும்படி, தணிகாசலம் ஆரம்பித்தார். அரக்கோணத்துக்காரர், வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் வீட்டின் பின்பக்க அறையில் தனியாக இருக்கிறார்.

"தம்பிக்கு என்ன வயசு?"

சொன்னேன்.

"அம்பத்தாறா! அதுக்குள்ள ரிட்டயர்டா? ஏன், எதனா தகராறா?"

"விருப்ப ஓய்வு."

"யாரோட விருப்பம்?"

திமிங்கலத்தைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள்.

ஜூன் 9

'யாரோட விருப்பம்?' குப்பைத் தொட்டியின் சக்கரச் சத்தம்கூட அப்படித்தான் கேட்கிறது.

ஜூன் 22, ஞாயிறு

ஓவியக் கூடம். காரில்லாதவர்களை வழக்கம்போல் நளாயினி ஏற்றிவந்தார். யாழ்ப்பாணத்துப் பெண், நாற்பத்தைந்து இருக்கும். முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பாளர் வேலை. வாரம் முழுவதும் கிழவர்களைக் குளிப்பாட்டிவிட்டு, விடுமுறை நாளில் கிழவர்களை ஊர்சுற்றிக் காட்டுகிறார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "அங்க இருக்கிற ஆக்களோட தமிழ் கதைக்க ஏலாது சேர். இஞ்ச கதைக்கலாம்" என்றார்.

பழைய எண்ணெய் ஓவியங்களில் வெள்ளை நிறம் ஏன் கறுத்துப்போகிறது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். ஈய உப்பு, கந்தகம். நான்கைந்து பேர் உண்மையிலேயே கேட்டார்கள். இரண்டு படம் தள்ளி, ஆட்டுக்கு மயிர் கத்தரிக்கும் ஓவியத்தின் முன்னால் தணிகாசலத்தின் குரல்: "இப்படியா ஆட்டைப் பிடிப்பான்? ஒரே உதை, பல்லு போயிடும்!" என் கூட்டம் அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டது. நளாயினி மட்டும் நின்றார். "நீங்கள் சொல்லுங்கோ சேர்" என்றார். எனக்கு ஈயம் அலுத்துவிட்டது.

ஜூலை 5, சனி

மலைப்பக்கத்தில் ஒரு சிற்றூர் மண்டபத்தில் வீணைக் கச்சேரி. ஒரு மணி நேரப் பயணம். எந்தக் காரில் யார் என்று மன்றத் தலைவர் குலசேகரன் காலையிலேயே போனில் அனுப்பிவிட்டார். நளாயினி காரில் நானும் தணிகாசலமும். தலைவர் காரில் அவரும், மனைவி ரேணுகாவும், கோவையிலிருந்து வந்திருக்கும் மைத்துனியும். பேருந்து வைத்துவிட்டால் இந்தக் குழப்பமெல்லாம் இல்லை, யார் சொல்வது?

நான் போனபோது தணிகாசலம் முன் இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டைத் துழாவிக்கொண்டிருந்தார். "வாங்க தம்பி. ஒரு மணி நேரம். காலேஜ்ல என்னதான் நடந்துச்சுன்னு இன்னிக்கு முழுசா கேட்டுடறேன்."

ரேணுகா வெள்ளிக்கிழமை நகம்கூட வெட்டமாட்டார் என்பது மன்றம் முழுவதற்கும் தெரியும். அவரிடம் போனேன்.

"மேடம், உங்க கார்ல மூணு பேர். எங்க கார்லயும் மூணு பேர். மூணு பேராக் கிளம்பலாமா?"

அவர் கன்னத்தில் கை வைத்தார். "அட ஆமாங்க! நான் கவனிக்கவே இல்லை பாருங்க."

"ஐயா உங்களோட வந்துட்டா அங்க நாலு, இங்க ரெண்டு. சமன்பாடு சரியாயிடும்."

எனக்கு இந்த நம்பிக்கைகள் எதுவும் கிடையாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தணிகாசலம் சிரித்துக்கொண்டே இறங்கினார். "சயின்ஸ் வாத்தியாரே சொல்லிட்டாரு. அப்புறம் மேல்முறையீடு ஏது?" நளாயினி மட்டும், "எங்கட ஊரில மூண்டு பேர் எண்டால் ஒரு கல்லையும் கூட எடுத்துக்கொண்டு போவினம். கல்லு ஒண்டு எடுத்துப் போடட்டோ? ஐயா இருக்கட்டும்" என்றார். நான் காதில் வாங்காததுபோல் முன்னால் ஏறிக்கொண்டேன். இருக்கை சூடாக இருந்தது.

கச்சேரி நன்றாக இருந்தது. கடைசிப் பாட்டின்போது என் தந்தையின் ஞாபகம் வந்தது, காரணம் தெரியவில்லை. இரண்டு வரிசை முன்னால் தணிகாசலம் தொடையில் தாளம் போட்டு அதையும் கெடுத்தார்.

முடியும்போது நல்ல மழை. கூட்டம் கலைகையில் அவர் பின்வாசல் பக்கம் போனார். கழிப்பறை மண்டபத்துக்குப் பின்னால் தனிக் கட்டடம். நான் காரில் ஏறிக்கொண்டேன். நளாயினி சாவியைப் போட்டுவிட்டு நின்றார்.

"சேர், ஐயா எங்க? எங்களோடயோ வாறார்?"

"தலைவரோட வந்தார், தலைவரோட போவார். எடுங்கம்மா, குளிருது."

"ஒருக்கா அவையளைக் கேட்டுட்டு வாறன்."

"எங்க போய்க் கேப்பீங்க? அந்தா, அவங்க கிளம்பியாச்சு."

தலைவரின் கார் எங்களைத் தாண்டிப் போயிற்று. எங்கள் விளக்கு வெளிச்சத்தில் அதன் பின்கண்ணாடி வழியாக மூன்று தலைகள் தெரிந்தன. போகும்போது மூன்று பேர் கூடாது, திரும்பும்போது கூடும்போலிருக்கிறது. ரேணுகாவின் சாஸ்திரம் அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் சொல்லிச் சிரித்தேன். செண்பகம் தோசைக்கல்லிலிருந்து நிமிர்ந்தாள்.

"மூணு தலையா? அப்ப அந்தப் பெரியவரு எங்க உக்காந்திருந்தாரு?"

"சாஞ்சு தூங்கியிருப்பார்."

"ஒரு போன் போட்டுக் கேளுங்களேன்."

"குலசேகரனுக்கா? நான் போன் போட்டா, புரொபசர் குத்தம் கண்டுபிடிக்கிறார்ம்பான். தோசை கருகுது பாரு."

காரில் என் காலடியில் கிடந்த சாம்பல் நிற மப்ளர் ஒன்று என் குடையோடு சுருண்டு வந்துவிட்டது. அவருடையது. ஆணியில் மாட்டியிருக்கிறேன். மழை விடவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

தணிகாசலம் மருத்துவமனையில். காலையில் நாயோடு நடக்க வந்த ஒருவர், மண்டபத்துக்குக் கீழே சாலையோரப் பள்ளத்தில் அவரைப் பார்த்திருக்கிறார். கழிப்பறையிலிருந்து வந்து பார்த்தால் மண்டபம் பூட்டியிருக்கிறது, கார்கள் இல்லை. வெளிச்சம் தெரிந்த திசையில் சரிவில் இறங்கியிருக்கிறார். இடுப்பெலும்பு முறிவு. இரவு முழுவதும் மழையில். அவருக்கு போன் எடுத்துப்போகும் பழக்கமில்லை. மகன் வேலையாக சிட்னி போயிருந்ததால் வீட்டில் தேட ஆளில்லை.

மன்றம் எப்படி நடத்தப்படுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். நான் ஆரம்பத்திலிருந்தே பேருந்து வேண்டும் என்று நினைத்தவன்.

மன்றத்திலிருந்து போனில் வந்த செய்தியைச் செண்பகம் என் தோளுக்கு மேலாகப் படித்தாள். பேரனுக்குச் சோறூட்டப் போய்விட்டாள்.

ஜூலை 9, புதன்

மருத்துவமனைக்குப் போனேன். போகாமலிருந்தால் பேசுவார்கள். நுரையீரலில் சளி கட்டிவிட்டது. மூக்கில் குழாய். குலசேகரன் கட்டிலருகே பொறுப்பான முகத்தோடு நின்றுகொண்டிருந்தார். அவர் போனில் பேச வெளியே போனதும் தணிகாசலம் கண்ணைத் திறந்தார்.

"வாங்க தம்பி. உங்க கணக்கு சரிதான். நான்தான் மீந்துட்டேன்."

நான் ஆரஞ்சுப் பழங்களை மேசையில் வைத்தேன்.

"அந்தக் கணக்கை யார்கிட்டயும் சொல்லலை. சொன்னா சிரிப்பாங்க. படிச்சவங்க." மூச்சு வாங்கினார். "என் மப்ளரு அந்தப் பொண்ணு கார்லயே பூடுச்சு. அது இருந்திருந்தா காதாவது தப்பிச்சிருக்கும்."

அது என் வீட்டு ஆணியில் தொங்குகிறது என்று சொல்ல வாயெடுத்தேன். செவிலி வந்துவிட்டார்.

ஜூலை 12, சனி

மன்றத்தில் அவசரக் கூட்டம். சம்பவத்தைப் பற்றி அரசு அலுவலகத்துக்கு அறிக்கை கொடுக்க வேண்டுமாம். குலசேகரன் தன் போனை உயர்த்திக் காட்டினார்.

"நான் காலையிலயே அனுப்பிட்டேன். ஐயா நளாயினி கார். இதுல என்ன சந்தேகம்?"

ரேணுகா முந்தானையைத் திருகினார். "போறப்ப எங்களோட வந்தாருங்க. திரும்பறப்ப அவங்க கார்ல வந்துக்குவாருன்னு இருந்துட்டோம்." போகும்போது ஏன் அந்தக் காரில் போனார் என்று அவர் சொல்லவில்லை. டாக்டர்களும் பொறியாளர்களும் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் மூன்று பேர் சமாசாரத்தைச் சொல்ல வெட்கம். அந்தக் கோழைத்தனத்தைக் கவனித்துக்கொண்டேன்.

நளாயினி எழுந்தார். வேலைச் சீருடையிலேயே வந்திருந்தார். "அவர் உங்களோட வாறார் எண்டுதான் நினைச்சன். எண்டாலும் கேட்டனான். சேரிட்ட கேட்டனான். சேர், சொல்லுங்கோ."

எல்லாத் தலைகளும் திரும்பின. இத்தனை மாதத்தில் என் வார்த்தைக்காக அந்த அறை காத்திருந்தது இதுதான் முதல் தடவை.

"ஏதோ கேட்டாங்க" என்றேன். "மழைச் சத்தம். எனக்குச் சரியாக் கேக்கலை."

மழை பெய்தது உண்மை. யாரும் மறுக்க முடியாது.

நளாயினி என்னைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். அறிக்கையில் அவர் பெயரை எழுதிக்கொண்டார்கள்.

ஜூலை 16

தணிகாசலம் விடியற்காலையில் இறந்துபோனார்.

ஜூலை 19, சனி

மின் மயானம். மகன் கண்ணாடிக் கதவருகே நின்று எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார்: "அப்பா கடைசியா யாரோட பேசிக்கிட்டிருந்தார்?" குலசேகரன் அவர் தோளைத் தட்டினார். என் முறை வந்தபோது, கச்சேரியை ரொம்ப ரசித்தார் என்றேன். மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தேங்க்ஸ் அங்கிள். தாளம் போட்டாரா?" என்று கேட்டார். போட்டார் என்றேன்.

நளாயினி உள்ளே வரவில்லை. வாகன நிறுத்தத்தில் தன் காருக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். யாரும் அவரிடம் பேசவில்லை. முடிந்ததும் யாரும் யாரையும் ஏற்றிக்கொள்ளவில்லை. மன்றத்தில் காரில் இடமிருப்பவர்கள் இவ்வளவு பேர் என்று எனக்கு இன்றுதான் தெரிந்தது. நான் பேருந்தில் வந்தேன்.

ஜூலை 22

செண்பகம் மப்ளரைத் துவைத்து, காயவைத்து, மடித்து என் மேசையில் வைத்திருக்கிறாள். மறுபடி ஆணியில் மாட்டினேன். மாலையில் மறுபடி மேசையில் இருந்தது. மறுபடியும் மாட்டினேன்.

ஜூலை 27, ஞாயிறு

நளாயினி வீட்டுக்கு வந்தார். மகளும் மாப்பிள்ளையும் கடைக்குப் போயிருந்தார்கள். செண்பகம் காப்பி கொடுத்தாள். நளாயினி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"வேலைக்கு வரவேண்டாம் எண்டுட்டினம் சேர். விசாரிச்சு முடியுமட்டும். வயசான ஒருத்தரை விட்டுட்டு வந்தவள் எண்டு அறிக்கை போயிருக்கு. வயசான ஆக்களைப் பாக்கிறதுதானே என்ர தொழில். ஒருக்காப் பேர் கெட்டால் பிறகு ஒரு இடத்திலயும் எடுக்க மாட்டினம்."

"குலசேகரன்கிட்ட பேசுங்களேன்."

"அவர் காருக்குள்ள இருக்கேல்ல. நீங்கள்தான் இருந்தனீங்கள். ஐயாவும் போய்ட்டார். இனி நீங்கள் ஒருத்தர்தான்." குரல் உயரவில்லை. "வாற நாலாந் திகதி, திங்கள், என்னை வரச்சொல்லியிருக்கினம். நான் கேட்டன், நீங்கள் பதில் சொன்னீங்கள். அவ்வளவுதான். நீங்கள் பிழை விட்டீங்கள் எண்டு நான் சொல்லவே இல்லை. உங்கட பேர் போட்டு நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னால் நம்புவினம். புரொபசர்."

அந்தச் சொல்லை அவர் கேலியில்லாமல் சொன்னார். மன்றத்தில் அதை அப்படிச் சொல்கிறவர் அவர் ஒருவர்தான்.

"யோசிச்சுச் சொல்றேன்."

எழுந்து போகும்போது வாசலில் நின்றார். "இது ஐயான்ட மப்ளர் எல்லோ? இதைக் காருக்குள்ள எவ்வளவு தேடினனான். ஆஸ்பத்திரியில கேட்டுக்கொண்டே இருந்தவர்."

செண்பகம் என்னைப் பார்க்கவில்லை. "துவைச்சு வச்சிருக்கேன் தாயி" என்றாள். "அப்புறம் நானே எடுத்துட்டு வர்றேன்."

அதே நாள், மாலை

"நடந்ததைச் சொல்லிருங்க" என்றாள் செண்பகம்.

"எதை?"

"எல்லாத்தையும். மூணு பேரு கதையில ஆரம்பிச்சு, மூணு தலை வரைக்கும்."

"அதுல என் தப்பு என்ன?"

"தப்புன்னு நான் சொன்னேனா? நடந்ததுன்னுதான சொன்னேன்."

இந்த வயதில் இந்த நாட்டில் காவல்துறை, விசாரணை, மகளின் விசா, மாப்பிள்ளையின் முகம், இதெல்லாம் அவளுக்குப் புரியாது. அதைவிட, குலசேகரன் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். 'பகுத்தறிவு பேசுற புரொபசரா மூணு பேர் கூடாதுன்னாரு?' மன்றம் முழுவதும் சிரிக்கும். 'யாரோட விருப்பம்' என்ற சிரிப்பே இன்னும் என் காதில் இருக்கிறது.

"ஊர்ல அந்தக் காலேஜ்காரங்க உங்களுக்குப் பண்ணினது அநியாயம்" என்றாள். "ஒருத்தரும் உங்களுக்காக வாயைத் தொறக்கலைன்னு எத்தனை தடவை எங்கிட்ட சொல்லியிருப்பீங்க?"

அது வேறு, இது வேறு. பேரன் அறையில் படுக்கையை விரித்துக்கொண்டாள்.

ஜூலை 31

மூத்தோர் மன்றத்தின் நிகழ்ச்சிகள் காலவரையின்றி நிறுத்தம். பாத்திரம் கழுவும் இயந்திரம் பழுது. கையால் கழுவினேன்.

ஆகஸ்டு 3, ஞாயிறு

இரண்டு நாளாக உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதி முடித்தேன். இங்குள்ள தமிழர்களுக்கான இணையதளத்தில் வாசகர் பக்கம் ஒன்று இருக்கிறது, எல்லோரும் படிப்பார்கள். ஏழெட்டுப் பத்தி வந்திருக்கிறது. குலசேகரனின் நிர்வாகம் சந்தி சிரிக்கும். நளாயினிக்கும் நியாயம் செய்திருக்கிறேன். 'ஓட்டுநர் புறப்படுமுன் காரிலிருந்த ஒருவரிடம் விசாரித்தார்' என்று ஒரு முழு வாக்கியம். படித்தவர்கள் கூடியிருந்த இடத்தில் மூடநம்பிக்கையின் பேரில் ஒரு முதியவர் காரிலிருந்து இறக்கப்பட்டார் என்றும் எழுதியிருக்கிறேன். இறக்கப்பட்டார், அவ்வளவுதான், செயப்பாட்டு வினை இதற்குத்தான் இருக்கிறது. பின்கண்ணாடியில் தெரிந்த தலைகளை எடுத்துவிட்டேன். கட்டுரையின் ஓட்டத்துக்கு அது தேவைப்படவில்லை.

செண்பகத்திடம் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டாள்.

"கீழ உங்க பேரு?"

"பேர் எதுக்கு? விஷயம்தான் முக்கியம்."

"அந்தப் பொண்ணு கேட்டதே பேரைத்தான்."

ஆகஸ்டு 4, திங்கள்

காலையில் வாசலில் கார் வந்து நின்றது. செண்பகம் மகளின் கோட்டைப் போட்டுக்கொண்டு தயாராக இருந்தாள். அவளுக்கு ஆங்கிலம் வராது. மகளிடமும் சொல்லவில்லை. "கச்சேரி அன்னிக்கு நீங்க வீட்டுக்கு வந்து எங்கிட்ட என்ன சொன்னீங்களோ அதைத் தமிழ்லயே சொல்றேன். யாராவது மாத்திச் சொல்லிக்கட்டும்." காதால் கேட்டவளின் பேச்சு எடுபடாது, உடனிருந்தவன் பேச்சுத்தான் எடுபடும் என்று விளக்கினேன். "அது எனக்கும் தெரியும்" என்றாள். ஆணியிலிருந்து மப்ளரை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டாள்.

நளாயினி கார்க் கண்ணாடியை இறக்கினார். முகம் தூங்காத முகம். "சேரும் வாறீங்களோ?"

செண்பகம் பின்கதவைத் திறந்துவிட்டு, ஏறாமல், அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்காக. சட்டை மாட்டிக்கொண்டு செருப்போடு ஏறியிருக்கலாம். குளிரில் என் மூச்சு புகையாகப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"வேண்டாம்" என்றேன். "மூணு பேராப் போகக் கூடாது."

வேடிக்கையாகத்தான் சொன்னேன். இரண்டு பேரும் சிரிக்கவில்லை. செண்பகம் அந்தக் கதவைச் சாத்திவிட்டு முன்னால் போய் ஏறிக்கொண்டாள். தெருமுனையில் கார் திரும்பியபோது பின்கண்ணாடியில் இரண்டு தலைகள் தெரிந்தன.

பேரன் எழுந்துகொள்ள இன்னும் நேரமிருக்கிறது. இணையதளத்தைத் திறந்து கட்டுரையை ஏற்றிவிட்டேன். பெயர் என்ற இடத்தில் என் பெயரை, பட்டங்களோடு, ஒருமுறை அடித்துப் பார்த்தேன். ரொம்ப நாளாயிற்று அதை முழுதாகப் பார்த்து. அழித்தேன். அதன் கீழே, பெயரை வெளியிட விரும்பாதவர்களுக்கு என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் குறியிட்டு அனுப்பப்போகிறேன்.